லாரி நின்றாலும் சுமை நிற்காது!

குட்டீஸ், கார்த்திகை தீபத்துக்கு உங்கள் வீட்டு வாசலில் ஏற்றி வைத்த அகல் விளக்குகளில், வழவழப்பான பீங்கான் விளக்கு ஏதாவது இருந்ததா? அப்படி என்றால், அது கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தில் பிறந்த விளக்காக இருக்கலாம்!

மணிமுத்தாற்றின் கரையில் இருக்கும் விருத்தாசலம், பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். நெய்வேலிப் பக்கத்தில் கிடைக்கும் களிமண், இந்தத் தொழிலுக்குக் கை கொடுக்கிறது. இங்கே உள்ள செராமிக் தொழிற்பேட்டையில் அகல் விளக்கு, பொம்மை, மின்சார வேலைகளுக்கான பீங்கான் சாமான்கள் என்று பலவும் தயாராகின்றன.

சூளைக்குள்ளே ஆயிரம் டிகிரிக்கும் அதிகமான வெப்பத்தில் வெந்து வெளியே வரும் விளக்கு அது. நெருப்பு அதை ஒன்றும் செய்யாது. ஆனால், ஊர் விட்டு ஊர் போகும்போது லாரி ஒரு தடவை பலமாகக் குலுங்கினால் போதும்... 'டமார்!'

விருத்தாசலத்துக்கு மேற்கே உள்ளது நல்லூர் ஒன்றியம். அங்கே வேப்பூர் வழியாகச் சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலை போகிறது. வேப்பூர் கூட்டுரோட்டில், சாலையை விட்டுத் தள்ளி நின்று பத்து நிமிடம் வேடிக்கை பாருங்கள். கரும்பு லாரி, மலை போல வைக்கோல் ஏற்றிய லாரி, மக்காச்சோள மூட்டை லாரி என்று வரிசையாக வரும். சில லாரிகளுக்குப் பக்கச் சுவரே இருக்காது. வெறும் மேடை மட்டும்தான் இருக்கும். இதைப் 'பிளாட்பெட்' என்பார்கள். இரும்புக் கம்பி, ராட்சதக் குழாய், பொக்லைன் இயந்திரம் எல்லாம் இந்த மேடையில்தான் பயணம் செய்யும்.

பக்கச் சுவரே இல்லாத மேடையில், இத்தனை டன் பொருள் விழாமல் எப்படிப் போகிறது? 'அவ்வளவு கனம் இருக்கிறதே, அது எங்கே நகரப் போகிறது?' என்று நினைக்கிறீர்களா? பெரியவர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது தப்பு! ஏன் என்று பார்ப்போமா?

பஸ்ஸில் நடப்பதுதான் லாரியிலும்!

பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். டிரைவர் திடீரென்று பிரேக் போடுகிறார். என்ன ஆகும்? பஸ் நின்றுவிடும்; நீங்கள் முன்னால் போய் விழுவீர்கள். யாரும் உங்களைத் தள்ளவில்லை. பஸ்ஸோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்த உங்கள் உடம்பு, தொடர்ந்து ஓடப் பார்க்கிறது. அவ்வளவுதான். வளைவில் திரும்பும்போது ஒரு பக்கமாகச் சாய்வதும் இதனால்தான்.

ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். நிற்கும் பொருள் நின்றுகொண்டே இருக்கப் பார்க்கும். இதற்கு 'நிலைமம்' என்று பெயர். 1687-ல் ஐசக் நியூட்டன் தன் புத்தகத்தில் எழுதிய முதல் இயக்க விதி இதுதான்.

பஸ்ஸில் நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம். லாரியில் இருக்கும் இரும்புக் குழாய்க்குக் கை இல்லையே! அதற்குப் பதிலாகத்தான் கயிறும் சங்கிலியும் பெல்ட்டும்.

கனமாக இருந்தால் நகராதா?

ஒரு கணக்குப் போடலாம், வாருங்கள். லாரி மேடையில் 10 டன் எடையுள்ள மரப்பெட்டி ஒன்று இருக்கிறது.

லாரி பலமாகப் பிரேக் போட்டால், சுமை எவ்வளவு விசையோடு முன்னால் பாயும்? அதன் எடையில் 10-ல் 8 பங்கு வரை பாயலாம் என்று வைத்துக்கொண்டு கட்ட வேண்டும் என்கிறது, அமெரிக்காவில் 2004 முதல் நடைமுறையில் இருக்கும் விதி. ஐரோப்பிய நாடுகளும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கின்றன. பக்கவாட்டிலும் பின்பக்கமும் எடையில் பாதி. ஆக, நம் 10 டன் பெட்டி, 8 டன் விசையோடு முன்னால் பாயப் பார்க்கும். பக்கவாட்டில் என்றால் 5 டன்.

பெட்டியைத் தடுக்க முதலில் வருவது உராய்வு. காய்ந்த மரப் பலகை மேல் மரப்பெட்டி இருந்தால், எடையில் சுமார் 10-ல் 3 அல்லது 4 பங்கை உராய்வு தாங்கும். அதாவது 3 முதல் 4 டன். பலகையில் மணலோ எண்ணெயோ தண்ணீரோ இருந்தால் அதுவும் குறைந்துவிடும். மீதி 4 அல்லது 5 டன்னை யார் தாங்குவது? கட்டும் தடுப்பும்தான் தாங்க வேண்டும்.

'சரி, 20 டன் பெட்டி என்றால் உராய்வும் இரண்டு மடங்கு ஆகுமே?' என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பீர்கள். ஆகும்தான். ஆனால், முன்னால் பாயும் விசையும் இரண்டு மடங்காகிவிடும்! கனம் கூடக் கூட இரண்டும் சேர்ந்தே கூடுகின்றன. அதனால் கனத்தால் லாபம் எதுவுமே இல்லை. கட்டாத சுமை பிரேக் போட்டதும் முன்னால் நகர்ந்தால், முதலில் இடிப்பது டிரைவரும் கிளீனரும் உட்கார்ந்திருக்கும் கேபினைத்தான். கனமான சுமை என்றால் ஆபத்தும் அதிகம்.

பரீட்சை அட்டையில் ஒரு சோதனை

இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். பரீட்சை அட்டை, தீப்பெட்டி, பழைய சைக்கிள் டியூப் துண்டு, ஸ்கேல் - இவ்வளவுதான் தேவை. குச்சிகளை எடுத்துவிட்டுத் தீப்பெட்டியில் சில்லறைக் காசுகளைப் போட்டு மூடுங்கள். அதுதான் உங்கள் சுமை. அட்டைதான் லாரி மேடை.

1. தீப்பெட்டியை அட்டையின் மேல் படுக்க வையுங்கள். அட்டையின் ஒரு முனையை மெதுவாகத் தூக்கிக்கொண்டே வாருங்கள். எந்த உயரத்தில் பெட்டி வழுக்குகிறது என்று அளந்து எழுதுங்கள்.

2. இப்போது டியூப் துண்டை அட்டையின் மேல் விரித்து, அதன் மேல் பெட்டியை வைத்துத் தூக்குங்கள். டியூப் நகராமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். முன்பைவிட அதிக உயரம் வரை பெட்டி வழுக்காமல் இருப்பதைக் காணலாம். சுமைக்கு அடியில் ரப்பர் விரிப்பு போடுவது இதற்காகத்தான்.

3. அதே டியூபின் மேல் தீப்பெட்டியைச் செங்குத்தாக நிற்க வையுங்கள். அகலமான பக்கம் சரிவைப் பார்த்து இருக்கட்டும். மீண்டும் தூக்குங்கள். இந்தத் தடவை பெட்டி வழுக்காது, குப்புறக் கவிழ்ந்துவிடும்! ஒல்லியாக, உயரமாக இருக்கும் சுமைக்கு இதுதான் ஆபத்து.

இன்னொரு ரகசியம்: மேசையில் 30 செ.மீ. தூரத்துக்கு 15 செ.மீ. உயரம் வரும்படி அட்டையைச் சாய்த்தும் பெட்டி வழுக்கவில்லை, கவிழவில்லை என்றால், அதன் எடையில் பாதி அளவு பக்கவாட்டு விசையைத் தாங்கும் என்று அர்த்தம். பொறியாளர்களும் சுமை ஏற்றிய மேடையைச் சாய்த்து இப்படிச் சோதிப்பது உண்டு. உங்கள் பரீட்சை அட்டையும் அதே வேலையைச் செய்கிறது!

மூன்று காவல்காரர்கள்

லாரியில் சுமையைக் காப்பதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் காவல்காரர், தடுப்பு. சுமையை முன்பக்கச் சுவரோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி வைப்பார்கள். இடைவெளி இருந்தால் கட்டையைச் செருகி அடைப்பார்கள். குழாய், உருளை மாதிரி உருளும் பொருளுக்கு இரண்டு பக்கமும் ஆப்பு வைத்து, அந்த ஆப்பும் நகராமல் ஆணி அடிப்பார்கள்.

இரண்டாம் காவல்காரர், அழுத்தும் கட்டு. சுமையின் தலைக்கு மேலே பெல்ட்டைப் போட்டு, இரண்டு பக்கமும் மேடையின் கொக்கியில் மாட்டி, முறுக்கி இறுக்குவார்கள். பெல்ட் சுமையைக் கீழே அழுத்தும். அழுத்தம் கூடினால் உராய்வு கூடும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெல்ட் நேராக மேலிருந்து கீழே இறங்கினால் அதன் விசை முழுவதும் சுமையை அழுத்தும். ஆனால், சுமை குள்ளமாக இருந்தால் பெல்ட் கூடாரக் கயிறு மாதிரி சாய்ந்து போகும். மேடைக்கும் பெல்ட்டுக்கும் இடையே உள்ள கோணம் 30 டிகிரி ஆகிவிட்டால், அழுத்தும் விசை பாதிதான்! எவ்வளவு முறுக்கினாலும் பெல்ட்டின் விசையில் பெரும்பகுதி பக்கவாட்டில் இழுப்பதிலேயே வீணாகும். அதனால் குள்ளமான சுமைக்குத் தடுப்பும் மூன்றாவது காவல்காரரும் கட்டாயம் வேண்டும்.

மூன்றாம் காவல்காரர், இழுத்துப் பிடிக்கும் கட்டு. பொக்லைன் மாதிரி சக்கரம் உள்ள இயந்திரத்தை நான்கு மூலைகளிலும் சங்கிலி போட்டு, முன்னாலும் பின்னாலும் இழுத்துக் கட்டுவார்கள். மாட்டை முளைக்குச்சியில் கட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். முன்னால் ஓடினால் பின்சங்கிலி பிடிக்கும். பின்னால் ஓடினால் முன்சங்கிலி பிடிக்கும்.

எத்தனை கட்டு போட வேண்டும்? எல்லாக் கட்டுகளும் சேர்ந்து, சுமையின் எடையில் பாதியையாவது பாதுகாப்பாகத் தாங்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. 10 டன்னுக்கு 5 டன். முன்னால் போட்ட கணக்கில் மீதி வந்த 4, 5 டன் ஞாபகம் இருக்கிறதா?

கூர்மையான விளிம்பில் உரசினால் பெல்ட் அறுந்துவிடும். அதனால் விளிம்பில் சாக்கோ, பழைய டயர் துண்டோ வைத்து அதன் மேல்தான் கட்ட வேண்டும்.

பீங்கானுக்குத் தனி வித்தை

இறுக்கிக் கட்டினால் பாதுகாப்பு. ஆனால், பீங்கானை இறுக்கிக் கட்டினால் உடைந்துவிடுமே! என்ன செய்வது?

பீங்கானுக்கு இரண்டு கட்டு உண்டு. முதல் கட்டு பெட்டிக்குள்ளே. ஒரு சாமானும் இன்னொரு சாமானும் தொடாதபடி நடுவில் வைக்கோலோ, காகிதமோ, அட்டையோ வைப்பார்கள். குலுக்கினால் உள்ளே சத்தம் வரக் கூடாது. சத்தம் வந்தால் உள்ளே இடம் இருக்கிறது என்று அர்த்தம். இடம் இருந்தால் ஒன்றோடு ஒன்று மோதும். இரண்டாவது கட்டு பெட்டிக்கு வெளியே. அங்கே கயிற்றின் இறுக்கத்தைப் பெட்டிதான் தாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் பொம்மைக்கு அது தெரியவே தெரியாது.

தரையில் பதிக்கும் டைல்ஸ் பெட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? டைல்களை ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல், புத்தக அலமாரியில் புத்தகம் போல நிற்க வைத்திருப்பார்கள். படுத்திருக்கும் டைலின் நடுவில் அழுத்தினால் வளைய முடியாமல் உடைந்துவிடும். விளிம்பில் நிற்கும் டைலோ அதிக எடையைத் தாங்கும். கட்டடங்களுக்கான பெரிய கண்ணாடிகளையும் இப்படி லேசாகச் சாய்த்து நிறுத்தித்தான் கொண்டு போகிறார்கள்.

கட்டிய பிறகும் ஒரு வேலை

காலையில் கட்டிய கட்டு மாலை வரை அப்படியே இருக்காது. லாரி குலுங்கக் குலுங்க மூட்டைகள் அமுங்கி உட்காரும். சுமை சற்றே தாழ்ந்தாலும் கயிறு தளர்ந்துவிடும். மழையில் நனைந்தால் நைலான் கயிறு நீளும். பருத்திக் கயிறு நனையும்போது சுருங்கி, காய்ந்ததும் தளரும்.

அதனால்தான், புறப்பட்டு 80 கி.மீ. தூரத்துக்குள் ஒரு தடவை நிறுத்திக் கட்டைச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. அதன் பிறகு 240 கி.மீ.க்கு ஒரு தடவையோ, 3 மணி நேரத்துக்கு ஒரு தடவையோ, எது முதலில் வருகிறதோ அப்போது சோதிக்க வேண்டும். விருத்தாசலத்திலிருந்து சென்னைக்குப் போகும் லாரி என்றால், விழுப்புரம், விக்கிரவாண்டிப் பக்கம் முதல் நிறுத்தம் வரும். டீக்கடையில் லாரியை நிறுத்தி, டிரைவர் ஒரு சுற்று சுற்றி வந்து கயிற்றை இழுத்துப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நம் ஊர் அனுபவசாலி டிரைவர்கள் இதை வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள்.

240 சக்கர வண்டி!

தமிழ்நாட்டுச் சாலையில் போன மிகப் பெரிய சுமைகளில் ஒன்று, ஒரே கல்லில் செதுக்கத் தொடங்கிய கோதண்டராமர் சிலை. திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் வெட்டி எடுத்த பாறை அது. எடை 300 டன்னுக்கும் அதிகம்! 2018 டிசம்பரில் கிளம்பி, 2019-ல்தான் பெங்களூரு போய்ச் சேர்ந்தது.

அதை ஏற்றிய மேடை வண்டிக்கு 240 சக்கரங்கள். ஏன் இத்தனை? 300 டன்னை 240-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு சக்கரத்துக்கு ஒன்றே கால் டன் வரும். அப்படியும் வழியில் டயர்கள் வெடித்தன. பல இடங்களில் நாள்கணக்கில் நின்று நின்றுதான் போனது.

ஏன் அவ்வளவு மெதுவாகப் போக வேண்டும்? வளைவில் திரும்பும்போது சுமையைப் பக்கவாட்டில் தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 30 கி.மீ. வேகத்தில் ஒரு பங்கு என்றால், அதே வளைவில் 60 கி.மீ. வேகத்தில் இரண்டு பங்கு அல்ல, நான்கு பங்கு! மெதுவாகப் போவதும் ஒரு கட்டுதான், செலவே இல்லாத கட்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பெல்லாம் இரும்புக் கம்பிகள் லாரிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்க, நுனியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு போவார்கள். இருட்டில் அந்தத் துணி தெரியுமா? பின்னால் வந்த எத்தனையோ பேர் அந்தக் கம்பிகளில் மோதி உயிரிழந்தார்கள். அதனால், கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டு போக இருந்த அனுமதியை 2014-ல் மத்திய அரசு நீக்கியது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, முன்னால், பின்னால், பக்கவாட்டில், உயரத்தில் என்று எந்தப் பக்கம் அளவை மீறிச் சுமை நீட்டிக்கொண்டிருந்தாலும் 20 ஆயிரம் ரூபாய் அபராதம் உண்டு.

உயரத்துக்கு ஏன் தடை? அளவுக்கு மீறி வைக்கோல் ஏற்றிய லாரி, மேலே போகும் மின்கம்பியில் உரசினால் ஒரு நொடியில் தீப்பிடித்துவிடும்.

இது உங்களுக்குத்தான்!

லாரி ஓட்டுவது பெரியவர்கள் வேலை. ஆனால், அதே சாலையில்தானே நீங்களும் பள்ளிக்கூடம் போகிறீர்கள்? அதனால் இவற்றை மறக்காதீர்கள்.

* கரும்பு லாரியோ டிராக்டரோ போகும்போது பின்னால் ஓடிப் போய்க் கரும்பு உருவாதீர்கள். நீங்கள் உருவுவது, மற்றக் கரும்புகளை இறுக்கிப் பிடித்திருக்கும் கரும்பாக இருக்கலாம். ஒன்றை இழுத்தால் கட்டே சரியும். தடுக்கி விழுந்தால் பின்னால் வரும் வண்டியின் சக்கரம் பக்கத்திலேயே இருக்கும். கரும்பு வேண்டும் என்றால் அப்பாவிடம் கேளுங்கள்.

* சுமை லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு சைக்கிளில் போகாதீர்கள். கயிற்றையோ சங்கிலியையோ பிடித்துத் தொங்காதீர்கள். 60 கி.மீ. வேகத்தில் போகும் லாரி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். அதிலிருந்து ஒரு மூட்டை விழுந்தால் விலக உங்களுக்கு நேரமே இருக்காது.

* நிறுத்தி வைத்த லாரியின் அடியிலோ, சுமை இறக்கும் இடத்திலோ விளையாடாதீர்கள். கட்டை அவிழ்க்கும் நேரம்தான், அமுங்கியிருந்த சுமை சரியும் நேரம்.

* கயிறு அவிழ்ந்து தொங்குவதையோ, தார்ப்பாய் பறப்பதையோ பார்த்தால், தூரத்தில் நின்றே பெரியவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் டிரைவருக்குக் கை காட்டுவார்கள்.

* அப்பாவின் பைக்கில் அரிசி மூட்டையோ கேஸ் சிலிண்டரோ ஏற்றினால், 'கட்டியாச்சா?' என்று கேளுங்கள். நீங்கள் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதாது. பிரேக் போட்டால் அதைப் பிடித்து நிறுத்த உங்கள் கைக்கு வலு கிடையாது.

கடைசியாக ஒன்று. உங்கள் சைக்கிள் கேரியரும் ஒரு சின்ன பிளாட்பெட்தான்! புத்தகப் பைக்கு நாலு கிலோதான் எடை என்றாலும், அதன் வார் நழுவிச் சக்கரத்தில் சிக்கினால் கீழே விழுவது நீங்கள்தான். வாரை உள்ளே மடித்துச் செருகி, ரப்பர் கயிற்றால் குறுக்கே கட்டுங்கள். நாளைக்குக் காலையில் பெடலை மிதிக்கும் முன் பையை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பீர்கள்தானே, குட்டீஸ்!